சங்கீதத்துக்குக் கீழே உழுதவர்கள்

அன்புள்ள லட்ரெல் ஏடே,

நீ இடைக்கால இங்கிலாந்தில் கையால் எழுதி, ஓரங்களில் படம் வரைந்த ஒரு சங்கீதப் புத்தகம். இப்போது இருப்பது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். நான் உன்னை நேரில் பார்த்ததில்லை. உன் படங்கள் சிலவற்றை வண்ணத்தில் அச்செடுத்து லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். எனக்கு நீ என்றால் அந்தத் தாள்கள்தான். ஒன்பதாம் வகுப்பில் ‘இடைக்காலம்’ பாடம் வரும்போதெல்லாம் உன்னைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வருஷா வருஷம் கடன் ஏறிக்கொண்டே போகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏடே, நீ வருமுன் என் வகுப்பில் நிலமானிய முறை என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம். உச்சியில் அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே குதிரை வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். பிள்ளைகள் ஸ்கேல் வைத்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். முக்கோணத்திடம் கேட்க என்ன இருக்கிறது? உன்னைக் காட்டிய அன்றுதான் கேள்விகள் தொடங்கின. மேலே லத்தீனில் தாவீதின் சங்கீதங்கள். கீழ் ஓரத்தில் நான்கு மாடு பூட்டிய ஏர், பின்னால் கலப்பையைப் பிடித்தவர், பக்கத்தில் நீளச் சாட்டையோடு இன்னொருவர். அடுத்தடுத்த பக்கங்களில் விதைப்பு, பரம்படிப்பு, மண்கட்டி உடைப்பு, களையெடுப்பு, அறுப்பு, கட்டு கட்டுவது, வண்டியில் ஏற்றுவது. சாமி புத்தகத்தில் இதை எதற்கு டீச்சர் வரைந்தார்கள் என்று முதல் பெஞ்சு கேட்டது. நான் இருபது நிமிஷத்தில் முடிக்க நினைத்த பாடம் மூன்று நாள் ஓடியது.

ஏடே, அந்தக் காக்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விதைக்கிறவர் முன்னே பார்த்து வீசிக்கொண்டு போகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் விதை மூட்டையில் ஒரு காக்கை தலையை விட்டுத் தின்கிறது. இன்னொன்றை நாய் துரத்துகிறது. வகுப்பு சிரித்து முடித்த பிறகு கணக்குப் போட்டோம். அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் நான்கு மூட்டை கிடைப்பதே பெரிது. அதில் ஒன்று மறு விதைப்புக்கு. விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. அரைக்கப் போனால் பிரபுவின் ஆலைக்கும் ஒரு பங்கு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் பாடுபட்ட பிறகு, மிச்சமிருக்கும் நாளில் தன் துண்டு நிலத்தில் உழைத்து எடுத்தது இது. நீ எழுதப்பட்டது 1325-க்கும் 1340-க்கும் இடையில் என்கிறார்கள். அதற்குச் சற்று முன்தான், 1315 முதல் 1317 வரை, விடாத மழையில் பயிர் அழுகி வட ஐரோப்பா முழுக்கப் பஞ்சம். இதையெல்லாம் சொன்ன பிறகு அந்தக் காக்கையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஏடே, கதிர் அறுக்கும் பெண்களுக்காகவும் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். குனிந்து அறுக்கிறவர்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து முதுகை நெளிக்கிறாள். எங்கள் பாடநூலில் பண்ணையடிமை என்றால் ஆண்தான் போலிருக்கும். இவளைப் பார்த்ததும் பெண் பிள்ளைகள் வரிசையில் ஒரு சலசலப்பு. “எங்க ஆயா இப்படித்தான் நிப்பாங்க” என்றாள் ஒருத்தி. உன்னிடம் இன்னொரு பெண்ணும் உண்டு. கோழிக்குத் தீனி போடும்போதும் நூல் நூற்கும் கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டிருப்பவள். அவள் மகளுக்குக் கல்யாணம் என்றால் அதற்கும் பிரபுவிடம் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும் என்றதும் கேள்விகள் நிற்கவே இல்லை.

ஏடே, நீ நடுநிலையானவன் இல்லை. அதற்காகத்தான் உன்மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்று தோன்றுகிறது. உன்னைச் செய்யச் சொன்னவர் லிங்கன்ஷயரில் இர்ன்ஹாம் ஊரின் பிரபு ஜெஃப்ரி லட்ரெல். ஒரு பக்கத்தில் போர்க் கோலத்தில் குதிரைமேல் இருக்கிறார். மனைவி ஆக்னஸ் தலைக்கவசத்தை நீட்ட, மருமகள் பியாட்ரிஸ் கேடயத்தோடு நிற்கிறாள். உன்னைச் செய்வித்தவர் தாமே என்று தலைக்கு மேல் எழுதியும் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தையும் ஏர் பூட்டிய பக்கத்தையும் சேர்த்து வைத்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்: “உழுறவங்க எல்லாரும் ஏன் டீச்சர் இவ்வளவு நல்ல துணி போட்டிருக்காங்க? காசு கொடுத்தவருக்கு அப்படிப் பார்க்கத்தான் பிடிக்குமோ?” ஆய்வாளர்கள் புத்தகம் புத்தகமாக விவாதித்த விஷயத்தை அவன் துணியை வைத்தே பிடித்துவிட்டான். சரித்திரச் சான்றை எப்படிப் படிப்பது என்று நான் தனியாக ஒரு வகுப்பு எடுத்திருந்தால் தூங்கியிருப்பான்.

ஏடே, நீ வரையாமல் விட்டதையும் உன்னை வைத்துத்தான் சொல்கிறேன். உன் காற்றாலை பார்க்க அழகு. ஆனால் வீட்டில் கைத்திருகையில் அரைத்தால் பிரபுவின் ஆலைக்கு வருமானம் போய்விடும் என்பதால் பல இடங்களில் திருகைக்கே தடை. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில், ஏறக்குறைய உன் காலத்திலேயே, மடத் தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் மக்களின் திருகைக் கற்களைப் பறித்து மடத்தின் தரையில் பதித்துவிட்டார். 1381-இல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தபோது ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து உடைத்து ஆளுக்கொரு துண்டாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். இடையில் 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊர்களைப் பாதியாக்கியிருந்தது. மிஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள், 1351-இல் அதற்கும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பாடநூல் ‘நிலமானிய முறையின் வீழ்ச்சிக்கான காரணங்கள்’ என்று வரிசையாக எண் போட்டுத் தருவது இவற்றைத்தான். பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது அந்தக் கல் துண்டு.

ஏடே, சமையல்கூடப் பக்கத்துக்கும் ஒரு சின்ன நன்றி. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எதுவுமே இல்லாமல் என்னதான் சாப்பிட்டார்கள் என்ற பரிதாபத்தையும், பணக்காரர் சமையலுக்கு மலபார் மிளகு அத்தனை தூரம் போனது என்ற பெருமையையும் ஒரே மணி நேரத்தில் வாங்கித் தந்தது அது.

ஏடே, செர்ரி மரத்தை மறப்பேனா? செருப்பை அடியில் கழற்றிவிட்டு மரத்தில் ஏறிப் பழம் திருடும் பையன், கீழே தடியோடு காத்திருக்கும் ஆள். அந்தப் படத்தை வைத்து வகுப்பில் மேனர் நீதிமன்றம், அதாவது பிரபுவின் பண்ணை நீதிமன்றம், நடத்துகிறோம். வழக்கைச் சொல்வதும் தீர்ப்புச் சொல்வதும் ஊர்க்காரர்களே. அபராதம் போய்ச் சேரும் இடம் மட்டும் பிரபுவின் பெட்டி. பன்னிரண்டு வயதானால் அந்த ஊர்ப் பையன் பத்துப் பேர் குழு ஒன்றில் சேர்ந்து, மற்றவர்கள் செய்யும் குற்றத்துக்கும் பிணை நிற்க வேண்டும் என்று சொன்னால் பதினான்கு வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ‘ஆ’ பிரிவில் விசாரணை. தடிக்காரனாக நடிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. திருடனாக நடிக்க வகுப்பே கை தூக்கியிருக்கிறது.


உன் பக்கங்களை லேமினேட் செய்து வைத்திருக்கும் சரித்திர டீச்சர்