28 நாள் அசையாத பணம்

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தால் வீட்டில் முதலில் இனிப்பு வாங்குவார்கள். அதற்குப் பிறகுதான் "பேங்க்ல எவ்வளவு காட்டணும்?" என்ற கேள்வி வரும். வாயில் போட்ட இனிப்பு அதோடு கசந்துவிடும்!

இது யாருக்கும் கட்டுகிற கட்டணம் அல்ல. படிக்க வருபவர் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் திண்டாட மாட்டார் என்பதற்கான சாட்சி. பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, முதல் ஆண்டுக் கட்டணத்தில் செலுத்தாத மீதியும், அதிகபட்சம் 9 மாதச் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கிலும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் இணைத்தால் போதும்.

மதுரைப் பக்கம் ஒரு குடும்பம். அப்பாவின் சேமிப்பு பாதிக்குத்தான் வந்தது. மீதியைச் சித்தப்பா கொடுத்தார். "விசா வந்ததும் குடுத்துருங்கண்ணே, வீட்டு வேலை பாதியில நிக்குது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மகன் காலண்டரில் நாள் எண்ணினான். 19-ஆம் நாள் கிணற்று மோட்டார் புகைந்தது. அப்பா அதே கணக்கிலிருந்து 8,000 ரூபாய் எடுத்துவிட்டார். "இத்தனை லட்சத்துல எட்டாயிரம் ஒரு காசாப்பா?" என்றார். ஆனால் தொகை வரம்புக்குக் கீழே போய்விட்டது. 19 நாளும் வீண். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அவன் அப்பாவைத் திட்டவில்லை. தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தால் அந்தச் சேமிப்புதான் ஏது?

எப்படியோ விசா வந்தது. சித்தப்பா பணம் திரும்பிப் போனது. விமானம் ஏறும்போது அவன் கையில் இருந்தது இரண்டு மாதச் செலவுக்குத்தான். பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் அங்கே வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. மூன்றாம் மாதம்?

ஜெர்மனியில் முடக்கப்பட்ட கணக்கு என்று ஒரு முறை உண்டு. 2024 செப்டம்பரில் அதற்கான தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. அதில் மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். காட்டிவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வழியில்லை. கஷ்டம்தான். ஆனால் மூன்றாம் மாதமும் சாப்பாடு இருக்கும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில்தான் ரூபாயை பவுண்டாகக் கணக்கிடுவார்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். வங்கியின் கல்விக்கடன் கடிதமும் செல்லும், அதையும் விசாரியுங்கள். கைமாற்று வாங்கும் முன், 29-ஆம் நாள் கையில் என்ன மிஞ்சும் என்று அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள்.