சட்டை மாற்றும் வயிற்றுக் கிருமி

நெல்லிக்குப்பத்திலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ ஒரு கல்யாணம். சாப்பிட்டுப் போனவர்களில் பத்துப் பேருக்கு மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வைத்துக் கொள்வோம். முதலில் உருளுவது சமையல்காரர் தலைதான்! "சாம்பார் ஊசிப் போச்சு" என்பார் ஒருவர். "தண்ணி சரியில்ல" என்பார் இன்னொருவர். வீட்டில் பாட்டி இருந்தால் சுற்றிப் போடுவார். மூன்றாம் நாள் எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் விஷயம் மறந்து போகும். வந்தது எந்தக் கிருமி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இப்படித் திடீரென வந்து ஓரிரு நாளில் விலகும் வாந்திக்கு, உலகம் முழுவதும் முக்கியமான காரணம் நோரோ வைரஸ். 1968ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இதில் படுத்து விட்டார்கள். அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான் 'நோரோ'. 1972ல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உதவியால் இதைக் கண்டுபிடித்தார்.

கிருமி ரொம்பச் சின்னது. உள்ளே சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழை, வெளியே புரதத்தால் ஆன ஒரு சட்டை, அவ்வளவுதான். ஆனால் நகலெடுக்கும்போது இந்த இழையில் எழுத்துப்பிழைகள் நிறைய வரும். போதாததற்கு, ஒரே ஆளின் குடலில் இரண்டு வகைகள் சந்தித்தால் ஒன்றின் சட்டையை இன்னொன்று மாட்டிக் கொள்வதும் உண்டு! நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் வைத்திருப்பது அந்தச் சட்டையை. சட்டை மாறினால் பழைய அடையாளம் அவ்வளவாகப் பயன்படாது. ஒரு தடவை வந்தவருக்கே மறுபடி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

2019ல் வெளியான வகைப்பாட்டின்படி நோரோவில் பத்துப் பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள். மனிதரை அதிகம் வாட்டுவது இரண்டாம் பிரிவின் நான்காம் வகை. 2012ல் தலையெடுத்த 'சிட்னி' என்ற அதன் மாற்று வடிவம் உலகையே சுற்றி வந்தது.

சரி, நம்ம ஊரில்? இதற்கு நல்ல பதில் வேலூரில் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாக வராது, வீட்டிலேயே கிடந்து தேறும் குழந்தைகள்தானே அதிகம்! அதனால் சி.எம்.சி ஆய்வாளர்கள் 2002 முதல் கஸ்பா, ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம் ஆகிய ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே வீடு தேடிப் போய்க் கவனித்தார்கள். வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்து, 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்தார்கள். பின்னர் 1,856 வயிற்றுப்போக்குகளின் மாதிரிகளை நோரோவுக்காகச் சோதித்ததில் 207ல் அது இருந்தது. அதாவது நூற்றுக்குப் பதினொன்று. ஒரே வகையும் இல்லை. முதல் பிரிவு 49ல், இரண்டாம் பிரிவு 150ல், இரண்டும் சேர்ந்து எட்டில்!

இந்த வகைப் பட்டியலால் என்ன லாபம்?

ஒன்று, தடுப்பூசி. ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து 2017ல் தமிழ்நாட்டு அரசுத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. நோரோவுக்கு இன்னும் ஒன்றும் கைக்கு வரவில்லை, சோதனைகள்தான் நடக்கின்றன. எந்தச் சட்டைக்கு ஊசி தைப்பது என்பது எந்த ஊரில் எந்த வகை சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. வேலூர்க் குழந்தையின் மாதிரி அந்தக் கணக்கில் இல்லாவிட்டால் ஊசி வேறு யாருக்கோ பொருந்தும்படி தயாராகிவிடும். உலகில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் பேர் இந்தக் கிருமியால் இறக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஐம்பதாயிரம் பேர் சின்னக் குழந்தைகள்.

இரண்டாவது, நம் சமையல்காரர். பத்துப் பேரிடமும் ஒரே எழுத்து வரிசை இருந்தால், கிருமி ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஆளுக்கொரு வகை என்றால் கழிவுநீர் கலந்த தண்ணீர் மேல் சந்தேகம் போகும். பந்தியில் தண்ணீர் பரிமாறியவர் கூடக் காரணமாக இருக்கலாம். குணமான பின்பும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் கிருமி வெளியேறும். நோய் வர இருபதுக்கும் குறைவான துகள்களே போதும் என்கிறார்கள்!

பக்கத்துக் கேரளாவில் 2021 நவம்பரில் வயநாட்டின் பூக்கோடு கால்நடைக் கல்லூரி மாணவர்களிடம் நோரோ உறுதியானது. மாதிரி எடுத்துச் சோதித்ததால்தான் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்ததால்தான் கிணறுகளில் குளோரின் போடுவது, கை கழுவுவது என்று ஊருக்கே எச்சரிக்கை போனது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிக்காது. வாந்தி பட்ட தரையில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். நோயாளி குணமாகி இரண்டு நாள் ஆகும்வரை சமையலறைப் பக்கம் போக வேண்டாம்.

அடுத்த கல்யாணத்தில் பத்துப் பேர் படுத்தால் சுகாதார நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி, மாதிரியும் கொடுத்துப் பாருங்கள். சமையல்காரரைத் திட்டுவதை முடிவு வந்த பிறகு வைத்துக் கொள்ளலாம்!