பெயர் பொறித்த கல்

தம்பலகாமத்து வயல்வெளியைக் கடக்கும்போதெல்லாம் என் அம்மம்மா 1998 பெப்ரவரி 1ஆம் நாளை நினைவூட்டுவார். அன்று எமதூரில் பொலிஸாரும் ஊர்காவற்படையினரும் எட்டுத் தமிழரைக் கொன்றனர். யான் பிறக்குமுன் நிகழ்ந்தது அது. அவர் சொல்லாவிடின் எனக்கு அது வெறும் எண்ணிக்கையே.

இனப்படுகொலைக்குள்ளான யூதருக்குப் பெர்லின் நகரில் 2005இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2,711 கொங்கிறீற்றுப் பாளங்கள் எழுத்தின்றி நிற்கின்றன. பெயர்கள் நிலத்தடித் தகவற்கூடத்தில் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியின் உருவோ மேலெழும் கைகள். 2021 சனவரி 8 இரவு இடிக்கப்பட்ட அது, மாணவரின் உண்ணாநோன்பின்பின் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுந்தது.

இவற்றைப் படித்த செருக்கில், எமதூருக்கென உயர்ந்ததொரு தூபியைத் தாளில் வரைந்து அம்மம்மாவிடம் காட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு. செத்த ஆக்கள்ட பேர் எங்க?" என்றார்.

நாணினேன். அளவிறந்த இழப்பை எழுத்தற்ற கற்பரப்பு உணர்த்தக்கூடும். எண்மரை முகமறிந்த சிற்றூருக்கு அது போதுமா? தூபியை அழித்தேன். முதியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கல்லும், விளக்கு வைக்க ஓரிடமும் வரைந்தேன். பின், அம்மம்மா சொல்லச் சொல்ல, எட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதினேன்.