தட்டும் சத்தம்

என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் சாவதற்கு ஒரு மாதம் முன்பே விஷயத்தை எனக்குச் சொல்லிவிட்டது. நான் கவனிக்கவில்லை. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது வெட்கமான காரியம்தான்.

பழைய சிறுபத்திரிகைகளிலிருந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்தவை அதில் இருந்தன. இறந்துபோன நண்பர் ஒருவர் தம் கடைசி இரண்டு வருஷங்களில் எழுதி, எங்கும் பிரசுரிக்காமல் என்னிடம் கொடுத்த பதினோரு கவிதைகளும் இருந்தன. முதலில் தாமதம். குறிப்பிட்ட சில ஃபைல்களைத் திறக்கும்போது மட்டும் மெஷின் நின்று யோசித்தது. பிறகு ஒரு படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக வந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. தட்டில் ஒரு செக்டர் கெட்டால் டிஸ்க் நம்மிடம் முறையிடுவதில்லை. உபரியாக வைத்திருக்கும் ஒன்றை அதன் இடத்தில் போட்டுவிடுகிறது. கேஷ் குறைந்தால் கேஷியர் தன் பையிலிருந்து போட்டுக் கணக்கை நேராக்குவது மாதிரி. படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களைத் தனியாக எண்ணி வைக்கிறது. அங்கே மறுபடி எழுதும்போதுதான் தீர்ப்பு. எங்கள் பாங்கில் இதற்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். இரண்டும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் 5, 197 என்ற எண்களுக்கு நேரே இருக்கும். கேட்டால் காட்டும். கேட்காதவனுக்கு, வரம்பு தாண்டும்வரை, பொதுவாக நலம் என்ற ஒரே பதில்தான்.

நண்பரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூகிளின் ஆராய்ச்சியாளர்கள் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைத்தானே சோதிக்கையில் முதல் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆனால் செத்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தவை. அறிகுறி தெரிந்தால் நம்பியாக வேண்டும். தெரியாததை ஆரோக்கியம் என்று நம்புவதற்கில்லை. பிரதிகளை வாசிப்பதிலும் இதே நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாக ஓடுகிற வாக்கியத்தைச் சந்தேகிக்கத் தெரிந்த எனக்கு, தடுமாறுகிற மெஷினை நம்பத் தெரியவில்லை.

கடைசியில் சத்தம் வந்தது. டக், டக் என்று, சீரான இடைவெளியில். முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய், மறுபடி முயல்கிற சத்தம். அந்த நிமிஷமே அணைத்திருக்க வேண்டும். நான் அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தேன். ரிப்பேர் புரோகிராம் ஒன்றையும் ஓடவிட்டேன். இரண்டும் செய்யக்கூடாதவை. முதல் தாமதத்தின்போதே, வேறு எங்கும் கிடைக்காததை முதலில் பிரதி எடுத்திருக்க வேண்டும். அரைமணி வேலை.

நண்பர் வேறொருவருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து நான்கு கவிதைகள் கிடைத்தன. அவற்றை இப்போது இரண்டு டிஸ்குகளிலும், ஒரு நோட்டில் என் கையெழுத்திலும் வைத்திருக்கிறேன். ஐந்தாவதில் சில வரிகள் ஞாபகமிருக்கின்றன. அவை அவருடையவைதானா, நான் இட்டு நிரப்பியவையா என்று தெரியவில்லை.