உப்பளத்து முகங்களுக்காக ஒரு நன்றி

புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் அவர்களுக்கு,

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் உப்பளப் பெண்களை நீங்கள் எடுத்த படங்களை, அபர்ணா கார்த்திகேயனின் கட்டுரையோடு ‘பாரி’ இணையதளத்தில் பார்த்தேன். அதற்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

அளத்து வேலைக்காரர்களைப் படமெடுக்க வெளியூரிலிருந்து பலர் வருகிறார்கள். இடுங்கிய கண், சுளித்த நெற்றி, இறுகிய உதடு. பார்த்ததும் ‘சோகம்’ என்று எழுதிவிடுவார்கள். அளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெயில் செய்கிற வேலை. மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று, உப்பிலும் பாத்தித் தண்ணீரிலும் பட்டு கீழிருந்தும் முகத்தில் அறையும். யாராக இருந்தாலும் கண்ணை இடுக்கத்தான் வேண்டும். அதே சுளிப்போடு பக்கத்துப் பாத்தியில் நிற்பவளைக் கேலி செய்துகொண்டிருப்பாள் ஒருத்தி. வருஷக்கணக்காக அந்தக் கூச்சத்தில் நின்று கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நொடியில் அகப்பட்ட முகத்தை வைத்து மனசைச் சொல்லிவிட முடியுமா? எதனால் அப்படி ஆனது என்று அந்த ஆளிடமே கேட்க வேண்டாமா?

நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சேலைமேல் போட்ட சட்டை, கூடையைத் தாங்கிய கை, பாத்தியில் ஊன்றிய கால் என்று உடம்பு முழுவதும் உழைப்பைக் காட்டிவிட்டுத்தான் முகத்துக்கு வருகிறீர்கள். படத்தில் இருப்பவர்களின் பேச்சும் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை கரிமேட்டில் மீன் விற்ற அம்மாவின் பிள்ளை நீங்கள். உழைப்பவர் முகத்தை வீட்டிலேயே படித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கி, கேட்டு எழுதிய உப்பள நாவல் ‘கரிப்பு மணிகள்’ வெளிவந்தது 1979-ல். அதே பொறுமையை உங்கள் படங்களில் பார்க்கிறேன்.

எங்கள் ஊரின் இன்னொரு தொழிலான முத்துக்குளிப்பைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்துப் படங்கள் உண்டு. நான் பார்த்தவற்றில் குளியாள்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். தொழில் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துபோனது. அந்த முகங்களை இனி யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த தடவை வரும்போது எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கும் திரேஸ்புரத்துக்கும் வாருங்கள். சங்குகுளிக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துத் தலை தூக்குகிற நேரத்தில் அவர்கள் முகத்தில் தெரிவது பயமா, வலியா, வெறும் மூச்சா என்று அவர்களிடமே கேட்டு, படத்தின் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்