தாயை மறவாதிருப்போம்

கருவுற்ற பெண்ணைக் கண்டதும் “இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு” என்று சொல்லாத மூதாட்டியர் நம் ஊர்களில் அரியர். பஞ்சம் கண்ட தலைமுறையின் பரிவு அச்சொல்லில் உண்டு. ஆயினும், இன்று நம் இல்லங்கள் பலவற்றில் அஞ்ச வேண்டியது சர்க்கரை நோய்க்கே.

நஞ்சுக்கொடியின் சுரப்புநீர்கள் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. அதை ஈடுசெய்ய இயலாத உடலில், பெரும்பாலும் அறிகுறி ஏதுமின்றியே, சர்க்கரை ஏறுகிறது. எனவேதான், கருவுற்ற பெண்கள் அனைவரையும் சோதிக்க வேண்டுமெனச் சென்னை மருத்துவர் வீ. சேஷையா வலியுறுத்தினார், 2007-இல் தமிழக அரசு அதனை நடைமுறையாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகிய இரண்டு மணி நேரத்தில், 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் சிகிச்சை தொடங்கும். பெரும்பாலோர்க்கு முதல் இரு வாரம் உணவொழுங்கும் நடைப்பயிற்சியுமே மருந்து.

அந்த அறிவுரையைச் செவிலியர் அவளிடம் சொல்கிறார். உலையில் எவ்வளவு அரிசி, குழம்பில் எத்தனை காய் என்பதை முடிவு செய்பவளோ பெரும்பாலும் மாமியார். கடைக்குச் செல்பவன் கணவன். எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளுக்கு உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது? வீட்டார் கேளாத அறிவுரை அவள் தலையில் ஏற்றிய சுமையாகிவிடும். நாளை சர்க்கரை கூடினால் பழியும் அவளுக்கே.

பிள்ளை பிறந்ததும் சர்க்கரை பொதுவாகத் தணிந்துவிடும். வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுவர். ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. இந்நிலைக்கு ஆளான பெண்களுக்குப் பிற்காலத்தில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றவரைவிட 7 மடங்குக்கும் மேல் என, பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. குழந்தைக்கும் பின்னாளில் உடற்பருமனும் இந்நோயும் வரக்கூடும். ஆகவே ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதனை வேண்டும். பின்னரும் அது தொடர வேண்டும். உணவும் நடையும் பேற்றோடு முடிவன அல்ல.

அந்த ஆறாம் வாரத்தில் குழந்தையைக் காண வருவோர் எத்தனை பேர்! எடை என்ன, யார் சாயல் என்றெல்லாம் வினவுகிறோம். தடுப்பூசி நாளைத் தவறாது குறித்து வைக்கிறோம். தாயின் சோதனை நாளையோ எவரும் நினைவில் கொள்வதில்லை.

இனி அவ்வில்லம் செல்கையில் அவள் கணவனிடம் ஒன்று கேட்போம்: “தம்பி, அவளைச் சோதனைக்கு அழைத்துப் போனாயா?”