முகங்காணா நேர்காணல்

நேர்காணல் என்னுஞ் சொல் ஒருவரையொருவர் நேரிற் காண்டலைக் குறிப்பது. ஆயின் இந்நாளில் வேலை தருவோர் பலர் முதற்கண் தொலைபேசியிலேயே வினவி, தக்காரைத் தெரிந்த பின்னரே நேரில் அழைக்கின்றனர். எம்மூராகிய சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் இளைஞர்க்கு இஃது ஒரு நன்மையே. சென்னை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பேருந்துக் கட்டணமும் ஒரு நாட் கூலியிழப்பும் இதனால் நீங்குகின்றன. எனினும் அதற்கு ஈடாக இம்முறை நம்மிடம் வேறொன்றை வேண்டுகின்றது. அஃது யாதென ஆராய்வோம்.

தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டெனக் கூறினார். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுதலே மெய்ப்பாடு. நேரிற் பேசுங்கால், சொல் தடுமாறினும், முகமலர்ச்சியும் பணிவும் நமக்காகப் பரிந்து நிற்கும். தொலைபேசியிலோ அத்துணைகள் அகல, குரலொன்றே எஞ்சுகின்றது. அக்குரலும் முழுமையாகச் செல்வதில்லை. பழைய தொலைபேசி முறை நொடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3,400 வரையுள்ள அதிர்வுகளையே கடத்தும். ஸகரம் போன்ற ஒலிகள் அதனால் மங்கும். ஆங்கிலத்திற் பதினைந்தும் ஐம்பதும் மயங்குதலை யாவரும் அறிவர். ஆதலின் எண்களை ஒவ்வோர் இலக்கமாகவும் பெயர்களை எழுத்தெழுத்தாகவுஞ் சொல்லுதல் நன்று.

எம் தெருவில் யான் அக்கா என அழைக்கும் நங்கை ஒருவர் விருத்தாசலத்திற் பீங்கான் தொழில் பயின்றவர். கூலியுழைப்பால் வாழும் அக்குடும்பத்திற்கு அவர் பெறும் வேலையே நம்பிக்கை. அவர் இந்நேர்காணலுக்கு ஆயத்தஞ் செய்ததை அருகிருந்து கண்டேன். அஃது கரும்பு அரவைக் காலம். சர்க்கரை ஆலைக்குச் செல்லும் வண்டிகளின் இரைச்சல் தெருப்பக்கம் ஓயாது. ஆதலின் பேச்சு அறுபடாத பின்கட்டு அறையை முன்னாளே தேர்ந்தார். கைபேசிக்கு மின்னேற்றி, விண்ணப்பப் படியையும் தாளையும் எழுதுகோலையும் எதிரே வைத்தார். தம்பியை அடுத்த அறையிலிருந்து வினவச் செய்து, மறுமொழி கூறிப் பழகினார். உறவினர் ஒருவர், அருகமர்ந்து வேறொரு கைபேசியில் விடைகளைத் தேடி எழுதிக் காட்டுவதாகக் கூறினார். அக்கா, "வேண்டாம் மாமா, நாளைக்கு அங்கே போய் நிற்கப்போவது நான்தானே" என்று மறுத்துவிட்டார்.

பீங்கான் கலத்தின் கிளேசு என்னும் மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுவதேன் என வினவினர். ஆறுங்கால் உள்ளிருக்கும் மண்ணினும் பூச்சு மிகுதியாகச் சுருங்குதலே காரணமென அவர் விளக்கினார். ஒரு பொறியைப் பற்றிக் கேட்டபோது, "அதை நான் இயக்கியதில்லை, ஐயா, கற்றுக்கொள்வேன்" என்றார். சில நாளில் நேரில் வருமாறு அழைப்பு வந்தது. ஆங்கும் அவ்வினாக்களே மீண்டும் எழுந்தன. இரவல் விடையாயின் அன்றே வெளுத்திருக்கும்.

ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில், கண் மங்கிய ஈசாக்கு குரலைக் கேட்டு ஐயுற்றான். எனினும் ஆட்டுத்தோல் போர்த்த கையைத் தடவி ஏமாந்தான். ஆங்கு உண்மை சொன்னது குரலே. பிறன் பெயரால் ஆசி பெற்ற யாக்கோபு வீட்டைவிட்டே ஓட நேர்ந்தது. இவ்வெச்சரிக்கை எதிர்ப்புறத்தார்க்கும் உரியதே. இனிய குரலில் வேலை தருவதாகக் கூறி முன்பணமோ வங்கியின் மறைச்சொல்லோ கேட்பாரை நாம் நம்பலாகாது.

மாணவ அன்பர்காள்! திருவள்ளுவர் சொல்வன்மைக்கு 65-ஆம் அதிகாரத்தையும் அவையஞ்சாமைக்கு 73-ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். அவை கண்காணா அவைக்கும் பொருந்துவனவே. வினாவை முற்றக் கேட்மின். விளங்காவிடின் மீண்டுங் கேட்க நாணற்க. அறிந்ததைத் தெளிவாகவும் அறியாததை அறியேன் எனவுங் கூறுமின். முகம் மறைந்தவிடத்து நம்மை அறிவிப்பது குரலொன்றே. அது நமதாகவே இருத்தல் வேண்டும்.